வேறு துறை படித்துவிட்டுக் கட்டடக்கலை மேற்படிப்புக்கு: பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புவியியல், விவசாயம், சமூகவியல், கணிதம், முகாமைத்துவம் என்று ஏதோ ஒன்றில் பட்டம் பெற்று, அமெரிக்காவிலோ கனடாவிலோ கட்டடக்கலை முதுமாணி படிக்க நினைப்பவர்களுக்கான கேள்வி பதில் இது. ஆக்கத் தொகுப்பு (போர்ட்ஃபோலியோ), நோக்க அறிக்கை, ஆங்கிலத் தேர்வு ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. அவை உங்கள் கையில் உள்ளவை. பரிந்துரைக் கடிதம் மட்டும்தான் பிறர் கையில் இருக்கிறது. பெரும்பாலானோர் தடுமாறுவதும் அங்கேதான்.

ஒரு வீட்டுப்படம்கூட வரைந்திராத எனக்கு உண்மையிலேயே இடம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். எம்.ஆர்க் எனப்படும் கட்டடக்கலை முதுமாணிப் பட்டத்துக்கு அங்கே பொதுவாக இரண்டு பிரிவுகள் உண்டு. கட்டடக்கலையிலேயே இளமாணி முடித்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வருடம். எதைப் படித்தவரும் சேரக்கூடிய மற்றைய பிரிவு மூன்று முதல் மூன்றரை வருடம். ஹார்வர்டிலும் டொரொண்டோவிலும் மூன்றரை வருடம், யேலிலும் கொலம்பியாவிலும் மூன்று வருடம். பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே எம்.ஆர்க் என்பது பெரும்பாலும் கட்டடக்கலையில் முதற்பட்டம் பெற்றவர்களுக்கான அடுத்த கட்டம். பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளமாணிப் பட்டத்தை மனத்தில் வைத்தே விதிகளை எழுதுகின்றன. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் பெற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம் பெற்றவர்கள், கடிதம் கேட்டு யாருடைய வாசலையும் மிதிக்கும் முன்னர், தங்கள் பட்டம் ஏற்கப்படுமா என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

"இந்த வயதில் துறை மாறுவதா?" என்று வீட்டில் கேட்டால் ஜெஃப்ரி பாவாவைச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, சட்டத்தரணியாகி, அதற்குப் பிறகு லண்டனில் கட்டடக்கலை படித்தவர். அவர் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில்.

எத்தனை கடிதங்கள் வேண்டும்?

பெரும்பாலும் மூன்று. குறைந்தது ஒருவராவது உங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவராக இருப்பதைப் பல இடங்களில் விரும்புவார்கள். படிப்பு முடித்துச் சில வருடங்களே ஆகியிருந்தால் இருவர் கற்பித்தவர்களாக இருப்பது நல்லது. மூன்று போதும் என்ற இடத்தில் நான்காவதை வலிந்து சேர்க்காதீர்கள்.

அந்தக் கடிதங்களில் அவர்கள் எதைத்தான் தேடுகிறார்கள்?

இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

உங்கள் விண்ணப்பத்தை வாசிக்கப் போகிறவர்களில் பலர் ஸ்டூடியோ வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள். ஸ்டூடியோ என்பது கட்டடக்கலைப் படிப்பின் இதயம். மாணவர் ஒரு மாதிரியையோ வரைபடத்தையோ செய்து சுவரில் குத்தி வைப்பார். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் எல்லோர் முன்னிலையிலும் அதைப் பிரித்து மேய்வார்கள். அடுத்த வாரம் அதே ஆள் அதைக் கலைத்துவிட்டு மீண்டும் செய்து கொண்டுவர வேண்டும். மூன்று வருடமும் இப்படித்தான் போகும்.

ஆகவே அவர்களுக்குத் தெரிய வேண்டியவை மிக எளிமையானவை. இந்த ஆள் ஒன்றை உற்றுப் பார்ப்பாரா? குறை சொன்னால் சுருண்டு விழுவாரா, எழுந்து வேலை செய்வாரா? தொடங்கியதை முடிப்பாரா? கையால் எதையாவது செய்து பார்க்கும் ஆவல் இருக்கிறதா? மதிப்பெண் பத்திரம் இவற்றைச் சொல்லாது. ஆக்கத் தொகுப்பு முடிந்த பொருளைக் காட்டும். அது எப்படி முடிந்தது என்பதைக் காட்டாது. அந்த இடத்தை நிரப்பத்தான் கடிதம்.

உங்களுக்கு வடிவமைப்புத் தெரியும் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. தெரியாது என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவர் யார் என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் மூவரில் ஒருவராவது கட்டடக் கலைஞராக இருக்க வேண்டாமா?

இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது. கொழும்பில் யாரோ ஒரு கட்டடக் கலைஞரை உறவினர் மூலம் பிடித்து, இரண்டு தடவை தேநீர் குடித்துவிட்டு, அவரிடம் கடிதம் வாங்குவதால் பயன் இல்லை. "இவர் கட்டடக்கலையில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்" என்பதற்கு மேல் அவர் என்ன எழுத முடியும்? அந்த ஆர்வத்தை நீங்களே நோக்க அறிக்கையில் எழுதியிருப்பீர்கள்.

உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருந்தால் வேறு வழி இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டுப்படம் வரைந்து கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே சில மாதங்கள் மாலை நேரத்திலாவது வேலை செய்யுங்கள். அளவு எடுக்கப் போங்கள், கோப்பை உள்ளூராட்சி மன்ற அனுமதிக்குக் கொண்டு அலையுங்கள், கொங்கிறீட் போடும் நாளில் தளத்தில் நில்லுங்கள். அந்த அலுவலகத்தை நடத்துபவர் பட்டயம் பெற்ற கட்டடக் கலைஞராக இல்லாமல் ஒரு பொறியியலாளராகவோ படவரைஞராகவோ இருக்கலாம். அவர் எழுதும் கடிதத்துக்கும் எடை உண்டு.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே காட்சிக் கலை கற்பிக்கும் ஒருவரிடம் முறையாக வரையக் கற்றுக்கொண்டால் ஆக்கத் தொகுப்புக்கும் உதவும். உங்கள் கையும் கண்ணும் எப்படி வளர்ந்தன என்று சொல்லக்கூடிய ஒருவரும் கிடைப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, புதியவர்களுக்கென்று கோடைகால அறிமுக வகுப்புகளை நடத்துகின்றன. ஹார்வர்டின் டிசைன் டிஸ்கவரி அவற்றில் ஒன்று. அங்கு கற்பித்தவர் எழுதும் கடிதம் நேரடியாகப் பேசும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான செலவைப் பார்த்தால் எங்கள் ஊரில் ஒரு காணித்துண்டு வாங்கலாம் போலிருக்கும். அது இல்லாமலும் இடம் பெறலாம்.

துணைவேந்தரையும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரையும் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அவர்களிடம் வாங்கினால் மதிப்பு அதிகம் இல்லையா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் குற்றம் இல்லை. நாங்கள் பழகிய முறை அப்படி. பாடசாலை அதிபர், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், கோயில் வண்ணக்கர், பங்குத் தந்தை, பள்ளிவாசல் தலைவர் என்று பதவி உள்ளவர் கையெழுத்திட்டுத் தரும் நற்சான்றிதழோடுதான் இங்கே எல்லாக் கதவும் திறக்கும். கையெழுத்தின் கீழே இருக்கும் முத்திரைதான் அந்தத் தாளின் உயிர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசிப்பதில்லை. வாசித்தாலும் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: இவரை நான் பல வருடங்களாக அறிவேன், நல்லொழுக்கம் உள்ளவர், கடின உழைப்பாளி, இவரது எதிர்கால முயற்சிகள் வெற்றியடைய வாழ்த்துகிறேன்.

அங்கே அந்த முத்திரைக்கு விலை இல்லை. தெரிவுக் குழுவில் இருப்பவருக்கு எங்கள் பாராளுமன்ற உறுப்பினரைத் தெரியாது. தெரிந்தாலும், அவர் உங்களை எந்த வேலையில் பார்த்தார் என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லையென்றால், மூன்று இடங்களில் ஒன்று வெறுமையாகப் போனதாகவே கணக்கு. அதைவிடக் கெடுதல் ஒன்றும் உண்டு: இந்த விண்ணப்பதாரருக்கு நெருக்கமான சாட்சி ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா என்ற எண்ணம் எழும்.

துணைவேந்தர் உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்தவரென்றால் தாராளமாகக் கேளுங்கள். அவர் பட்டமளிப்பு விழாவில் கை கொடுத்தவர் மட்டுமென்றால், உங்கள் செய்முறை வகுப்பை நடத்திய இளம் விரிவுரையாளர் அவரைவிட நூறு மடங்கு மேல்.

எனது ஆய்வு மேற்பார்வையாளர் விவசாயத் துறையைச் சேர்ந்தவர். கட்டடக்கலை பற்றி அவர் என்ன எழுதுவார்?

எதுவும் எழுத வேண்டாம். உங்களைப் பற்றி எழுதினால் போதும்.

மூன்று பேரைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாமவர் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விவசாயம் படித்தவர். ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களில் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எப்போது போகிறது என்பதை ஒரு போகம் முழுவதும் நடந்து வரைபடமாக்கினார். முதல் வரைபடம் பிழை என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தார். இவர் மறுபடியும் வயலுக்குப் போனார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்ட விதானையோடு பேசினார். இரண்டாவது வரைபடத்தில், தண்ணீர் போகும் பாதையோடு தண்ணீருக்காகச் சண்டை நடக்கும் இடங்களும் குறிக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் இதை அப்படியே எழுதினால் போதும். நிலத்தைப் பார்க்கத் தெரிந்தவர், குறை சொன்னால் திரும்பிப் போய்ச் செய்பவர், மனிதர்களையும் வரைபடத்துக்குள் கொண்டுவருபவர் என்று வாசிப்பவரே புரிந்துகொள்வார்.

இரண்டாமவர் சமூகவியல் மாணவி. சுனாமிக்குப் பின் நாவலடிப் பக்கத்திலிருந்து உள்ளே இடம்பெயர்ந்தவர்களுக்குத் திராய்மடுவில் கட்டிக் கொடுத்த வீடுகள் போன்ற ஒரு குடியிருப்பில் கள ஆய்வு செய்தார். வீட்டுக்குள் குசினி இருந்தும், பின்புறம் கிடுகால் தனிக் குசினி போட்டு விறகில் சமைக்கும் குடும்பங்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. வீட்டுக்கு வீடு அளவெடுத்துக் கைப்படம் வரைந்து வைத்திருந்தார். இந்த மாணவிக்குக் கட்டடக்கலை அந்நியம் என்று யார் சொல்வார்? அவருடைய சமூகவியல் விரிவுரையாளர் அந்தக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தவர். அவரைவிடச் சிறந்த பரிந்துரையாளர் இந்த மாணவிக்குக் கிடைக்கப் போவதில்லை.

மூன்றாமவர் கணிதம் படித்தவர். ஆய்வில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் ஊரில் கூத்து அரங்கேறும்போது ஆட்டக்காரரின் கிரீட முடியும், பிரம்பு வளையத்தில் விரியும் கரப்புடுப்பும் கட்டுவது அவர்தான். பிரம்பை எங்கே வளைத்தால் பாரம் ஆட்டக்காரரின் தோளில் ஏறாது என்று தெரிந்தவர். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆங்கிலத்தில் கடிதம் எழுத மாட்டார். ஆனால் அந்தக் கூத்தை ஆவணப்படுத்த வந்த நுண்கலை விரிவுரையாளர் ஒருவர், இவர் வேலை செய்ததைப் பார்த்திருந்தால், அவரிடம் கேட்கலாம். கணித விரிவுரையாளரிடம் இன்னொன்றைக் கேட்கலாம். சில பல்கலைக்கழகங்கள் நுண்கணிதமும் பௌதிகமும் முன்தேவையாகக் கேட்பதுண்டு, அந்தப் பக்கத்தை அவர் தாங்கிக்கொள்வார்.

மூன்று கடிதங்களும் ஒரே விடயத்தைச் சொல்லாமல் இருப்பது முக்கியம். மூவரும் "கடின உழைப்பாளி" என்றே எழுதினால் நீங்கள் ஒரு கடிதம்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்கலாமா?

அவர் உங்களை எந்த வேலையில் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. பிரதேச செயலகத்தில் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட்டு மாலையில் வீட்டுக்குப் போகும் நாட்களைப் பற்றி யாராலும் கடிதம் எழுத முடியாது. ஆனால் வீட்டுத்திட்டப் பயனாளிகளைப் பதிவு செய்வது, வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பாடசாலைக் கட்டடத்தில் இடம் பிரித்துக் கொடுப்பது, காணி எல்லைத் தகராறு தீர்ப்பது போன்ற வேலைகளில் நீங்கள் இருந்திருந்தால், அவற்றைக் கண்ட உதவிப் பிரதேச செயலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ நல்ல சாட்சி. எழுதுபவர் எந்த நாள், எந்தப் பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று குறிப்பிட வேண்டும்.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே திட்டப் பொறுப்பாளர்கள் அறிக்கை எழுதிப் பழகியவர்கள், ஆங்கிலமும் சரளம். குறையும் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே அறிக்கை நடையில் எழுதிவிடுவார்கள். பயனாளிகளின் எண்ணிக்கை வரும், நீங்கள் வரமாட்டீர்கள்.

என் மாமா வெளிநாட்டில் பெரிய பொறியியலாளர். அவர் எழுதலாமா?

கூடாது. குடும்பப்பெயர் வேறாக இருந்தாலும் கூடாது. உங்கள் ஆக்கத் தொகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வையுங்கள், அதற்கு மாமா உதவுவார்.

பட்டம் முடித்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. சேருக்கு என்னை நினைவிருக்குமா?

பெயர் நினைவிருக்காது. முகம் நினைவிருக்கலாம். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னால் எல்லாம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் "சேர், என்னைத் தெரிகிறதா?" என்று புதிர் போடாதீர்கள். எந்த அணி, எந்தப் பாடம், எந்த ஆய்வு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். இயன்றால் நேரில் போங்கள். வந்தாறுமூலையோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலோ, பஸ் ஏறினால் போய்விடலாம். போகும்போது பழைய ஆய்வேட்டின் ஒரு பிரதியையும் இப்போது நீங்கள் வரைந்து வைத்திருப்பவற்றையும் கொண்டு போங்கள். இடைப்பட்ட வருடங்களில் என்ன செய்தீர்கள், ஏன் கட்டடக்கலை என்று கால் மணி நேரம் பேசினால், கடிதத்துக்கு வேண்டிய பாதி விடயம் அந்தப் பேச்சிலேயே அவருக்குக் கிடைத்துவிடும்.

ஓய்வு பெற்றவர்களையும் வெளிநாடு போய்விட்டவர்களையும் ஒதுக்க வேண்டாம். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருப்பவர் எழுதும் கடிதம் நீளமாகவும் நிதானமாகவும் இருக்கும்.

"நீரே ஒன்றை எழுதிக் கொண்டுவாரும், நான் கையொப்பமிடுகிறேன்" என்கிறார் சேர். என்ன செய்வது?

இது இங்கே மிகச் சாதாரணம். சேர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துறைத்தலைவரிடம் வருடத்துக்கு எத்தனை பேர் இப்படி வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். சிலருக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவதில் தயக்கமும் இருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஆனால் நீங்கள் எழுதக் கூடாது. விண்ணப்பதாரர் தானே எழுதிய கடிதத்தைப் பல்கலைக்கழகங்கள் மோசடியாகவே பார்க்கின்றன. நெறியை ஒருபுறம் வைத்தாலும், மூன்று கடிதங்களையும் நீங்களே எழுதினால் மூன்றிலும் ஒரே ஆளின் நடை தெரியும். இப்படிப்பட்ட கடிதங்களை வருடக்கணக்கில் வாசித்தவர்களுக்கு அது ஒரு பக்கத்திலேயே பிடிபட்டுவிடும்.

மறுத்துப் பேசி அவர் மனத்தைப் புண்படுத்தவும் தேவையில்லை. "சேர், கடிதம் நீங்கள் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய விதி சொல்கிறது. உங்கள் வேலையைக் குறைக்க நான் எல்லாக் குறிப்பையும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு ஒரு பக்கத்தில், அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த வேலைகளையும் அவர் சொன்ன குறைகளையும் அதற்குப் பின் நீங்கள் மாற்றியவற்றையும் திகதி வாரியாக எழுதிக் கொடுங்கள். புகழ்ச்சிச் சொற்கள் அதில் ஒன்றுகூட வேண்டாம். அவை அவருடைய பொறுப்பு. தமிழில் எழுதிக் கொடுத்தாலும் நல்லதே, சேருக்குத் தமிழில் நினைவு வருவது எளிது.

சேர் தமிழிலேயே எழுதினால்?

சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலக் கடிதத்தை மட்டும் ஏற்கும். சில, சான்றுறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பு இணைத்திருந்தால் ஏற்கும். ஒவ்வொன்றின் அறிவுறுத்தலையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஏற்கப்படும் இடத்தில் அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், நீங்களோ உங்கள் தங்கையோ செய்யக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், எளிய ஆங்கிலத்தில் சேரே எழுதும் முக்கால் பக்கம், அலங்காரமான மொழிபெயர்ப்பைவிட நல்லது. இலக்கணப் பிழை இரண்டு இருந்தாலும் பாதகமில்லை. எழுதுபவரின் ஆங்கிலத்துக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

இலங்கைப் பட்டத்தைப் பற்றி அவர் ஏதாவது விளக்க வேண்டுமா?

விளக்கினால் மிக நல்லது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றால் என்ன என்று அமெரிக்க வாசகருக்குத் தெரியாது. "இரண்டாம்" என்ற சொல்லைப் பார்த்துச் சாதாரணம் என்று நினைக்கக்கூடும். எங்கள் துறையில் முதல் வகுப்பு எவ்வளவு அரிது, உங்கள் அணியில் நீங்கள் எத்தனையாவது, உயர்தரம் வரை தமிழ்மூலம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறினீர்களா என்பதை இரண்டு வரியில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. நீங்களே சொன்னால் சாக்குப் போலத் தோன்றும்.

ஜிமெயில் முகவரி கொடுத்தால் போதுமா?

நிறுவன முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். விண்ணப்பத்தில் பரிந்துரையாளரின் மின்னஞ்சலை நீங்கள் பதிவு செய்தவுடன் அவருக்கு ஓர் இணைப்புப் போகும். கடிதத்தை அவரே நேரடியாக ஏற்றுவார். தனிப்பட்ட முகவரியென்றால் அதை யாரும் திறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழ இடம் உண்டு. பல்கலைக்கழகக் கணக்கை அவர் திறந்தே பல மாதம் ஆகியிருந்தால் முதலில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவதும் வழக்கம். அனுப்பிய அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கடிதம் நிறுவனத்தின் கடிதத்தலைப்பில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். சில படிவங்களில் உங்களை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் கட்டங்களும் இருக்கும். அவற்றை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார்களே?

"ஆம்" என்று குறியுங்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாணவர் சேர்ந்த பிறகு தன் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தருகிறது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்தால், எழுதியவர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் கடிதத்தை உறையில் போட்டு மாணவர் கையிலேயே கொடுப்பது வழக்கம் என்பதால் சேரே உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பக்கூடும். நீங்களாகக் கேட்காதீர்கள்.

எப்போது கேட்பது?

கடைசித் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும். அது எங்களுக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். வெள்ளம் வந்தால் பாதை மூடப்படும், மின்சாரம் போகும், இணையம் போகும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படிக் கிடந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். இதற்கிடையில் வேலைநிறுத்தம் வந்தால் விரிவுரையாளர் ஊருக்குப் போய்விடுவார். ஆகவே செப்டெம்பரில் கேளுங்கள். கடிதம் நவம்பர் கடைசிக்குள் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். நியூயோர்க்கில் இரவு 11.59 என்பது குளிர்காலத்தில் எங்களுக்கு மறுநாள் காலை 10.29. அந்தக் காலைப் பொழுதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரையாளரிடம் முதல் நாளையே கடைசி நாள் என்று சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது? ஒரு மாதிரி தர முடியுமா?

நேரில் கேட்பதுதான் முறை. முடியாவிட்டால் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய சேர், வணக்கம். நான் 2017 அணியில் புவியியல் சிறப்புக் கற்கை பயின்றவன். வாவிக்கரைக் குடியிருப்புகள் பற்றிய எனது ஆய்வை நீங்கள்தான் மேற்பார்வை செய்தீர்கள். இப்போது கட்டடக்கலை முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறேன். கட்டடக்கலை அறிவைப் பற்றி அல்லாமல், அந்த ஆய்வில் நான் வேலை செய்த விதத்தைப் பற்றி எழுதக்கூடிய ஒருவரைக் கேட்கிறார்கள். அதை முழுமையாகப் பார்த்தவர் நீங்கள். விரிவாக எழுத உங்களுக்கு நேரமும் மனமும் இருக்குமா, சேர்? இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு ஒழுங்கு செய்துகொள்வேன். சம்மதமென்றால் வரும் வாரம் வந்து குறிப்புகளைத் தருகிறேன்."

கடைசிக்கு முந்திய வரி முக்கியம். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "பார்ப்போம் தம்பி" என்பார்கள். "நேரம் கிடைத்தால் செய்வோம் மகள்" என்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் இல்லை என்றே பொருள். அதைப் புரிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். இழுத்துப் பிடித்து வாங்கிய கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும்.

ஏதாவது அன்பளிப்புக் கொடுக்கலாமா?

கடிதம் ஏறும் முன்னர் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். முடிவு வந்ததும், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த வருடம் மறுபடி கேட்க வேண்டி வரலாம்.

எட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஒருவர் எட்டுக் கடிதம் எழுத வேண்டுமா?

ஒரே கடிதம் போதும். ஆனால் எட்டு இணைப்புகள் போகும், எட்டுத் தடவை ஏற்ற வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்து, யேலுக்குப் போகும் கடிதத்தில் கொலம்பியாவைப் புகழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. பெயர் எதையும் குறிப்பிடாமல் எழுதச் சொல்வது பாதுகாப்பு. எட்டு அதிகம் என்றே நான் நினைக்கிறேன். விண்ணப்பக் கட்டணத்தையும் சேரின் பொறுமையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நான்கைந்தோடு நிறுத்தலாம்.

கடைசித் திகதிக்கு மூன்று நாள் இருக்கிறது. ஒருவர் இன்னும் ஏற்றவில்லை.

முதலில் இணைப்பை மீண்டும் அனுப்புங்கள், விண்ணப்பப் பக்கத்தில் அதற்கு வசதி இருக்கும். பிறகு அழையுங்கள். குறை சொல்லாமல், "சேர், இணைப்பு வந்து சேர்ந்ததா என்று பார்க்க எடுத்தேன்" என்று தொடங்குங்கள். கணினியில் சிக்கல் என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். அவர் ஏற்றி முடிக்கும்வரை நீங்கள் விறாந்தையில் இருங்கள். அழைப்பை எடுக்கவே இல்லையென்றால் அன்றே மாற்று ஆளைப் பதிவு செய்யுங்கள். இதற்காகத்தான் செப்டெம்பரிலேயே நான்காவது ஒருவரிடமும் பேசி, குறிப்புகளைக் கொடுத்து வைக்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை நீங்கள் நேரத்துக்கு அனுப்பிவிட்டால், கடிதம் ஓரிரு நாள் பிந்தி வந்தாலும் சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே கடிதத்துக்காகக் காத்திருந்து விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அனுமதிப் பிரிவுக்கு நிலைமையை விளக்கி இரண்டு வரி மின்னஞ்சலும் அனுப்புங்கள். வெள்ளத்தால் தடங்கல் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.